சின்னச் சீட்டும் சேர்த்துத்தான் ஐம்பத்திரண்டு

1

என் சட்டைப் பைக்குள்ளிருந்து இருபது சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தபோது அந்த அறையில் யாரும் பேசவில்லை. அங்கே பாதிப் பேருக்குப் பேச்சு வராது என்பது வேறு விஷயம். வருகிறவர்களும் பேசவில்லை.

நான் இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களும் நாக்குக் குளறியவர்களும் பகலில் வந்து பயிற்சி எடுத்துப் போகிற நிலையம் ஒன்றில் உதவியாளனாக இருக்கிறேன். பந்தைப் பிடிக்க வைப்பது, சட்டைப் பொத்தானைப் போடப் பழக்குவது, நடப்பவரின் இடுப்புவாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போவது, இவைதான் என் வேலை. புதன்கிழமை மதியத்தில் மட்டும் சீட்டாட்டம். போக்கர் ஆட்டத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் டெக்சஸ் ஹோல்டம் என்ற வகையை இங்கே சின்னப் பிள்ளைகளும் ஆடுவார்கள். எங்கள் நிலையத்தில் காசு வைக்க மாட்டோம். ஒரு டின் நிறையச் சட்டைப் பொத்தான்கள் இருக்கின்றன, பணயம் அவைதான். விரலுக்கும் வேலை, ஞாபகத்துக்கும் வேலை. "கூட்டுறேன்", "விடுறேன்" என்று வாயால் சொல்ல வேண்டியிருப்பதால் நாக்குக்கும் வேலை.

இந்த ஆட்டத்தை நடத்திவந்தவர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். எங்கள் மேலாளர் டெனிஸ் சீட்டுக்கட்டை என் கையில் தந்து, "சிவா, இன்னைக்கி நீ பங்கு" என்றாள். சீட்டுப் போடுவதைத்தான் பங்குவது என்போம். (இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான். நான் அதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பேசும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். முக்கியமாக, அடுத்து வரப்போகிற கிரஹாம் என்ற ஆளின் வாய்க்கு அதுதான் பொருந்தும்.)

கட்டு கைக்கு வந்ததும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. இவற்றையெல்லாம் உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தைக் கலைத்து, வலப்பக்கமாக, ஆளுக்கு நாலு நாலாகப் போட்டேன்.

"என்னாப்பா இது, நாலு?" என்றார் கிரஹாம். லொறி ஓட்டியவர். பக்கவாதம் அவருடைய வலது காலை மட்டும் தொட்டுவிட்டு வாயை விட்டுவிட்டது. "ஆளுக்கு ரெண்டுதான். போற பக்கமும் இது இல்ல, அந்தப் பக்கம்."

திருத்திக்கொண்டேன். மூன்று ஆட்டம் நடந்தது. நாலாவதில் கிரஹாம் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமா ஒரு ரெண்டு வரல. ஒரு மூணு வரல. எங்க போச்சு எல்லாம்?"

அவருக்கு எதிரில் மொய்ரா என்ற அம்மா இருந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். வலது கை வராது, பேச்சும் வராது. அவர் இடது கையைத் தூக்கி என் சட்டைப் பையைக் காட்டினார்.

"பாக்கெட்டுல சீட்டு!" என்றார் கிரஹாம். "நாங்க லொறி ஓட்டுன காலத்துல இதுக்கு வெரல ஒடிச்சிருப்பானுங்க."

நான் விளக்கப் பார்த்தேன். எங்கள் ஊரில் இந்தச் சீட்டுகள் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று சிங்களத்தில் போய் நின்றது வாய். பதற்றம் வந்தால் எனக்கு மொழிகள் கலந்துவிடும். டெனிஸ் என் தோளைத் தட்டினாள். கோபமில்லை, அதுதான் மோசம்.

"பரவால்ல சிவா. சீட்ட வேற யாரும் பாத்துக்கட்டும். நீ போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டா. டீதானே உங்க ஆளுங்களுக்குக் கைவந்த வேல?"

போய் டீ போட்டேன். தண்ணீர் கொதிக்கும்வரை அந்தச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஆட்டத்தைப் படித்து, இதே மேசைக்குத் திரும்பி வருவேன் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

2

இலங்கை மலைநாட்டில், எங்கள் நமுனுகுலப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு என் கை ஏன் அப்படிச் செய்தது என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் லயத்தில் சீட்டு என்றால் முந்நூற்று நாலு என்கிற ஆட்டம்தான். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் சோடி. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளுக்கு அதில் வேலையே கிடையாது. பதுளை பஜாரில் நானா கடையில் புதுக் கட்டு வாங்கி வந்தால், உறையைக் கிழித்த கையோடு ரெண்டு முதல் ஆறு வரை பிரித்து ஒரு டின்னில் போட்டுவிடுவோம். அதன் பிறகு அவற்றுக்கு ஆட்டத்தில் இடம் கிடையாது. மேசை ஆடினால் காலுக்கு அடியில் மடித்து வைக்கலாம். பிள்ளைகள் கடை வைத்து விளையாடலாம். நானும் என் தங்கச்சி சுதாவும் அதை வைத்துத்தான் எண்ணவே படித்தோம்.

இன்னொன்று. எங்கள் ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்தது ஒன்பது. அதற்குப் பிறகு ஆசு, பத்து. ராஜாவுக்கு ஐந்தாவது இடம். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மழை வலுத்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாத நாளில், லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஓலைப்பாயை விரித்து அப்பாவும் மூன்று பேரும் உட்கார்ந்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. அப்பாவின் சோடி பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், இருக்கிற ராமையா மாமா. சீட்டை விடத் திட்டுத்தான் அதிகம் விழும். "துரும்ப வெச்சிக்கிட்டு குஞ்சு பொரிக்கப் போறியா?" என்று அப்பா கேட்பார். "நீ மொதல்ல ஒழுங்கா எறக்கு, அப்புறம் நா பொரிக்கிறேன்" என்பார் மாமா.

நான் அந்தப் பாயில் உட்கார்ந்தது குறைவு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரம் படித்து, அதற்கு மேலும் படித்தேன். சீட்டுச் சத்தம் கேட்டால் அம்மா என்னை உள்ளே விட்டுக் காம்பராக் கதவைச் சாத்திவிடுவார். சீட்டு, சாராயம், சண்டை மூன்றும் அம்மாவுக்கு ஒரே டின்னில் கிடப்பவை.

3

இப்போது எது கையை விட்டுப் போகவிருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் படிக்க வந்தேன். படிப்பு முடிந்து, குறிப்பிட்ட காலத்துக்கு வேலை செய்யும் அனுமதியில் இருக்கிறேன். நிரந்தர வேலை கிடைத்தால்தான் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க விண்ணப்பிக்கலாம். நிலையத்தில் அப்படி ஒரு இடம் காலியாக இருந்தது. நோயாளிகளின் பொழுதுகளை நடத்துகிற ஆள். ஆட்டம், பாட்டு, கைவேலை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்த வேலையின் முகம் புதன்கிழமை மேசைதான். அன்றுதான் குடும்பத்தார் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த மேசையை நடத்தத் தெரியாதவனுக்கு அந்த இடம் இல்லை. டெனிஸ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

இருப்பதற்கே இங்கே எவ்வளவு சாட்சி காட்ட வேண்டியிருக்கிறது. அனுமதி நீட்டிப்புக்காகப் போன ஓர் அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பிறந்த வீட்டு முகவரியைக் கேட்டாள்.

"மேல் பிரிவு, ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, நமுனுகுல."

"தெருவுக்குப் பேர்?"

"தெரு இல்ல."

"வீட்டு நம்பர்?"

"சொன்னேனே. ஏழாம் லயம், மூணாம் காம்பரா."

"இது முகவரி இல்லியே சார். கடிதம் வர்ற அலுவலகத்து முகவரி எதுவும் இருக்கா? தெரு இல்லாதவங்க அதத்தான் குடுப்பாங்க."

எங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது மனது வைத்தால் லயத்துக்கு வரும். அதைத் திரும்பவும் இங்கே எழுதிக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. "நான் அலுவலகத்துல பொறக்கல" என்றேன். "பெட்டி சின்னது, இது கொள்ளாது" என்றாள். "அப்ப வெளியிலயும் எழுதுங்க" என்றேன். பெட்டிக்கு வெளியே, ஓரத்தில் ஏறி இறங்கித்தான் எழுதினாள். எழுதவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணர். நல்ல மனிதர், முதல் குளிருக்குத் தன் கோட்டையே கழற்றித் தந்தவர். ஆனால் முதல் நாள் "தம்பி, நீர் எவடம்?" என்று கேட்டு, நான் பதுளைப் பக்கம் என்றதும், "ஓ... தோட்டமோ?" என்றார். அந்த "ஓ" கொஞ்சம் நீளம். பக்கத்தில் நின்ற அவருடைய மகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது. "நீங்கள் ஒரு தோட்டத்திலா வாழ்ந்தீர்கள்? பூ எல்லாம் இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ரொம்பப் பெரிய தோட்டம்மா. பூக்க மட்டும் விட மாட்டாங்க, அதுக்கு முந்தியே கிள்ளிருவாங்க" என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் எதையோ எடுப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

4

ஆட்டத்தின் விதிகளை நான் சுதாவோடுதான் படித்தேன்.

எனக்குக் காலை ஏழு மணி ஆகும்போது அங்கே பின்னேரம். உயர்தர வகுப்பு முடிந்து சுதா வந்திருப்பாள். கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து எதிரில் உட்காருவாள். விதிகளை நான் வாசித்துச் சொல்ல வேண்டும், அவள் சீட்டைப் பரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், கஷ்டமில்லை. ஆளுக்கு ரெண்டு சீட்டு கவிழ்த்துப் போடப்படும். அது அவரவர் ரகசியம். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று, நிமிர்த்தி வைக்கப்படும். கையில் ரெண்டு, மேசையில் ஐந்து. இந்த ஏழிலிருந்து நல்ல ஐந்தை யார் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு முறையும் சீட்டுத் திறக்க முன்னாலும் பின்னாலும் இடப்பக்கமாகப் பேச்சு சுற்றி வரும். முன்னவர் வைத்த அளவு பொத்தானை நீங்களும் வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஒதுங்கலாம். பங்குகிறவருக்கு இடப்பக்கத்தில் இருக்கும் ரெண்டு பேர் மட்டும் சீட்டைப் பார்க்க முன்னமே கொஞ்சம் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் நல்ல சீட்டு வரும்வரை சும்மா இருந்துவிடுவார்கள்.

முதல் நாளே சண்டை.

"அண்ணே, என்கிட்ட ரெண்டு ஜாக்கி. நாந்தான் ஜெயிச்சேன்."

"இல்ல சுதா. எனக்கு ரெண்டு ராஜா."

"போண்ணே. ராஜாவெல்லாம் ஜாக்கி முன்னுக்கு நிக்குமா?"

"இங்க நிக்கும். ஆசு பெருசு, அப்புறம் ராஜா, ராணி, அதுக்கப்புறந்தான் ஜாக்கி."

"யாரு சொன்னா?"

"ஆட்டத்தோட சட்டம்டி."

"வெள்ளக்காரன் சட்டத்துல ராஜா பெருசா இல்லாம பின்ன கங்காணியா பெருசா இருப்பான்?"

அடுத்தது வரிசை. ஒரு சோடி, ரெண்டு சோடி, ஒரே மாதிரி மூன்று, அதற்கு மேலே அடுத்தடுத்த எண்களாக ஐந்து சீட்டு. அதற்கும் மேலே ஒரே வகையில் ஐந்து என்று போகும். நான் வாசித்துக்கொண்டே போனேன். சுதா நிறுத்தினாள்.

"இரு, இரு. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு இருந்தா, மூணு ராஜா வெச்சிருக்கவன் தோத்துருவானா?"

"ஆமா."

"மூணு ஆசு வெச்சிருந்தா?"

"அவனும் தோத்துருவான்."

அவள் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்து போய் அலுமாரிக்கு மேலே இருந்த டின்னை எடுத்து வந்தாள். மூடியைத் தட்டித் திறந்தாள். மஞ்சளேறிப்போன சின்னச் சீட்டுகள். எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது, ஆட்டின் மூன்று. பழைய காலண்டர் அட்டையை அதே அளவுக்கு வெட்டி, சிவப்புப் பேனாவால் மூன்று இதயம் வரைந்தாள். அன்றுதான் அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு கட்டு ஐம்பத்திரண்டாக ஆனது.

அதன் பிறகு தினமும் பரீட்சை. ஏழு சீட்டைக் கைபேசிக்கு முன்னால் பரப்பி, "சொல்லு" என்பாள். நான் கையைப் படித்துச் சொல்ல வேண்டும். தயங்கினால் "டீ போடப் போ" என்பாள். நடந்ததை அவளிடம் சொன்னது பிழையாகிவிட்டது.

ஒரு நாள் அம்மா வந்துவிட்டார். மலையிலிருந்து வந்த கோலம், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்னாடி அது? சீட்டா? அவனும் அந்தப் பக்கம் சீட்டா?"

"அண்ணன் வேலைக்கிம்மா" என்றாள் சுதா.

"வேலைக்கிச் சீட்டா? ஆஸ்பத்திரியில இருக்கான்னு நா எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். கோயிலடியில கேக்குறாளுங்க. இனிமே சீட்டு பங்குறான்னு சொல்லவா?"

"சொல்லுங்கம்மா" என்றேன். "கை வராதவங்களுக்கு வெரல் அசையணும்னு பங்குறான்னு சொல்லுங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

அம்மா கைபேசியை உற்றுப் பார்த்தார். "கை வராதவங்க எப்படிடா சீட்டப் புடிப்பாங்க?"

மொய்ராவைப் பற்றிச் சொன்னேன். பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையில் அவர் சீட்டைச் செருகி வைத்துக்கொள்வார், இடது கையால் உருவி எடுப்பார், வெல்கிற சீட்டு வந்தாலும் சொல்ல வாய் வராது என்று சொன்னேன்.

"அப்ப அந்தப் பொம்பள ஜெயிச்சா யாரு சொல்றது?" என்று அம்மா கேட்டார்.

அதற்குப் பதில் தேடி, அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் விதிகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பதில் இருந்தது. நான் படிக்காமல் தாண்டிப்போன கடைசிப் பகுதியில் இருந்தது.

அப்பாவுக்கு வேறு கவலை. மறுநாள் சுதாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்குச் சோடி யாருப்பா?"

"சோடி கெடையாதுப்பா. ஆளாளுக்குத் தனி."

"சோடி இல்லாம என்னா ஆட்டம் அது? தோத்தா யாரத் திட்டுறது?"

"யாரையும் திட்ட முடியாது."

"அப்ப எதுக்கு ஆடுறாங்க?" என்று கேட்டுவிட்டு, ராமையா மாமாவைத் தேடிப் போய்விட்டார்.

5

டெனிஸிடம் போய், வருகிற புதன்கிழமை நான் பங்குகிறேன் என்றேன்.

"அன்னைக்கி எல்லா வீட்டு ஆளும் வருவாங்க சிவா. நிலையத் தலைவியும் வர்றாங்க. கிரஹாம் மருமகன் பங்குறேன்னு சொல்லியிருக்காரு. நீ ஏன் கஷ்டப்படுற?"

"அவருக்கு இங்க வேல இல்ல. எனக்கு வேல இங்க. நா பங்குறேன்."

"போன தடவ மாதிரி ஆச்சுன்னா?"

"அப்படி ஆனா நானே எந்திரிச்சுப் போறேன். அதுக்கப்புறம் அந்த இடத்தப் பத்திக் கேக்க மாட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா என்று பிறகு யோசித்தேன். ஆனால் அவள் தலையாட்டிவிட்டாள்.

6

அந்தப் புதன்கிழமை நான் உட்கார்ந்ததும் கிரஹாம் சொன்ன முதல் சொல், "பாக்கெட்ட காட்டு."

சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன். பிறகு, அவர் கேட்காமலே, கட்டு முழுவதையும் மேசையில் நிமிர்த்தி விரித்தேன். "ரெண்டுலருந்து ஆசு வரைக்கும் இருக்கு. பாத்துக்குங்க. எல்லாரும் பாத்துக்குங்க." பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் சிரித்தார்கள். கிரஹாம் ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டுப் பார்த்துத்தான் விட்டார்.

இடப்பக்கமாகப் பங்கினேன். ஆளுக்கு ரெண்டு.  ஓர் ஆட்டம், ரெண்டு ஆட்டம், பிழையில்லாமல் போனது. நிலையத் தலைவி, வெள்ளை முடி அம்மா ஒருவர், சுவரோரமாக நின்று பார்த்தார். கிரஹாமின் மகள் தகப்பனுக்குப் பின்னாலும் மொய்ராவின் மகள் தாய்க்குப் பின்னாலும் இருந்தார்கள்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. மேசையில் முதல் மூன்று: இஸ்பேட் ராஜா, டைமன் ஆறு, கிளாவர் நாலு. கிரஹாம் உடனே பொத்தானைக் கூட்டினார். மற்றவர்கள் கவிழ்த்துப் போட்டு ஒதுங்கினார்கள். மொய்ரா மட்டும் இடது கையால் பொத்தானை நகர்த்தி நகர்த்தி ஈடு கட்டினார். அடுத்தது ஒரு ஒன்பது. கிரஹாம் திரும்பவும் கூட்டினார், மொய்ரா திரும்பவும் ஈடு கட்டினார். கடைசிச் சீட்டு, டைமன் ரெண்டு.

மொய்ரா தன் முன்னால் இருந்த பொத்தான் அத்தனையையும் முழங்கையால் நடுவுக்குத் தள்ளினார். ஒன்றிரண்டு கீழே உருண்டன. கிரஹாம் சிரித்துக்கொண்டே அவ்வளவுக்கும் வைத்தார். தன் ரெண்டு சீட்டையும் அறைந்து திறந்தார். ரெண்டும் ராஜா. மேசையில் இருப்பதோடு மூன்று ராஜா.

மொய்ரா மரக்கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி நிமிர்த்தி வைத்தார். இஸ்பேட் ஐந்து. ஆட்டின் மூன்று.

"மூணும் அஞ்சும்!" கிரஹாம் தொடையில் தட்டினார். "இத வெச்சிக்கிட்டா இவ்வளவு நேரம்!" ரெண்டு கையையும் நீட்டிப் பொத்தான் குவியலை அணைத்து இழுக்கத் தொடங்கினார். மொய்ராவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ராஜாக்களைத்தான் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

டெனிஸ் என் காதருகே குனிந்தாள். "விடு சிவா. பொத்தான்தானே. இந்த மாசம் முழுக்க அந்த மனுசன் ஒண்ணும் ஜெயிக்கல, மக வேற பாத்துக்கிட்டிருக்கா. குடுத்துட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போ."

அவள் கெட்டவள் இல்லை. அமைதி வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அந்த நிரந்தர இடம் அவள் கையில் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டியிருந்தால் எல்லோரும் சிரித்தபடி அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். ரெண்டும் மூன்றும் நாலும் ஐந்தும் ஆறும் மறுபடி டின்னுக்குள் போயிருக்கும்.

"கைய எடுங்க கிரஹாம். இது உங்களுது இல்ல."

"என்னா? அவ ஒண்ணும் சொல்லலியே!"

"சொல்ல வேண்டியதில்ல. மேசையில நிமித்தி வெச்ச சீட்டு தானே பேசும். ஆடுறவங்க தப்பாச் சொன்னாலும், ஒண்ணுமே சொல்லாட்டியும், பங்குறவன் சீட்டப் பாத்துத்தான் சொல்லணும். நான் கண்டுபிடிச்ச சட்டம் இல்ல இது. உங்க ஆட்டத்துச் சட்டம்."

"நீ என்னா, அவளுக்குக் கூட்டா?"

"நா யாருக்கும் சோடி இல்ல."

நடுவில் இருந்த ரெண்டையும் நாலையும் ஆறையும் மொய்ராவின் பக்கம் கொஞ்சம் இறக்கி வைத்தேன். அவருடைய மூன்றையும் ஐந்தையும் இடையில் சேர்த்தேன். ரெண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அந்த ஆட்டின் மூன்றைத் தொட்டபோது கண் சுதாவின் காலண்டர் அட்டையை எதிர்பார்த்தது.

"அஞ்சு சீட்டு வரிசை" என்றேன், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. "மூணு ராஜாவ விட இது பெருசு."

கிரஹாம் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்தார்.

மொய்ரா குவியலின் மேல் இடது கையை வைத்தார். உதடு கோணியது. இழுத்து, விழுங்கி, திரும்ப இழுத்து, ஒரு சொல் வந்தது.

"என்னுது."

அவருடைய மகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

7

கலைந்து போகும்போது தலைவி என்னிடம் வந்து, "அந்த விதிய யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "எங்கம்மா கேட்டாங்க, நா தேடிப் படிச்சேன். சீட்டுப் படிக்கக் கத்துக்குடுத்தது என் தங்கச்சி" என்றேன். எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நமுனுகுல, மேல் பிரிவு, ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா என்று முழுவதும் சொன்னேன். அவர் கேட்டது ஊரைத்தான். பரவாயில்லை.

மறுநாள் டெனிஸ் கூப்பிட்டாள்.

"நேத்து நா சொன்னதக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். செய்யல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொய்ரா மக ரெண்டு தடவ போன் பண்ணிட்டா. அந்த ஒரு சொல்ல வீட்டுக்குப் போயும் சொல்லிக்கிட்டே இருக்காங்களாம். ரிமோட்ட எடுத்தாலும் சொல்றாங்களாம், கேக்குத் துண்ட எடுத்தாலும் சொல்றாங்களாம்." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, அந்த இடம் எனக்குத்தான் என்றும், புதன்கிழமை மேசையும் அதோடு சேர்த்தி என்றும் சொன்னாள்.

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சுதா கத்திய கத்தலில் கைபேசி சீனிப் போத்தலிலிருந்து விழுந்தது. அம்மா, "ஜெயிச்சது அந்தப் பொம்பளதானே? அது போதும்" என்றார். பிறகு, கோயிலடியில் தானே சொல்லிக்கொள்வதாகவும் என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர வேண்டாம் என்றும் சொன்னார். அப்பாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

"அப்ப நீ யாரு பக்கம்தாம்பா இருந்த?"

"சீட்டுப் பக்கம்ப்பா."

"ராஜா அஞ்சாவதுன்னு அவனுங்களுக்குச் சொன்னியா?"

"சொல்றேம்ப்பா. ஒண்ணொண்ணாச் சொல்றேன்."

இன்று புதன்கிழமை. சாப்பாடு முடிந்து மேசையில் உட்கார்ந்தோம். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவில் டீ நேரம் வந்தது. டெனிஸ் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

"என் கையில சீட்டு இருக்கு" என்றேன்.

 கொஞ்ச நேரத்தில் கிரஹாம் ஊன்றுகோலை எடுத்தார். வலது காலை இழுத்து இழுத்துச் சமையல் மேடைக்குப் போனார். அங்கே கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது, கெட்ட வார்த்தை ஒன்றும் கேட்டது. ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் கோப்பையுமாகத் திரும்பி வந்து எனக்கு முன்னால் வைத்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

குடித்துப் பார்த்தேன். வெந்நீரில் டீப் பையை ஒரு தரம் காட்டி எடுத்திருக்கிறார்.

"எப்படி?" என்றார்.

"சாயமே எறங்கல. திரும்பப் போடுங்க."

மேசை முழுக்கச் சிரித்தது. மொய்ரா கோப்பையைத் தொட்டு, "என்னுது" என்றார், தனக்கும் ஒன்று வேண்டும் என்பதற்கு. கிரஹாம் என்னை முறைத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய்க் கேத்தலில் மறுபடி தண்ணீர் பிடித்தார்.

அது கொதிக்கட்டும் என்று, நான் ஐம்பத்திரண்டையும் கலைத்தேன்.